மூன்றரை நட்சத்திரம்: ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை

இதுவரை நான் எழுதிய விமர்சனமெல்லாம் இரும்பு வாணலி, முறுக்கு அச்சு, செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடை என்ற அளவில்தான் இருந்தன. ஓய்வு பெற்ற விலங்கியல் டீச்சர், கையில் போன். விடைத்தாள் திருத்திப் பழகிய கை சும்மா இருக்காது. இந்தத் தடவை ஓர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மகளிர் நோய் ஓபி. பெயர் எழுதவில்லை. காரைக்குடியில் காலை பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம், அது போதும்.

எனக்கு வயது 61. வியாதி கர்ப்பப்பை இறக்கம். உட்கார்ந்து எழுந்தால் கீழே ஏதோ தட்டுகிற மாதிரி இருக்கும், இருமினால் சிறுநீர் சொட்டும், சாயங்காலம் ஆனால் இடுப்பு கழன்றுபோகும். இரண்டு சுகப்பிரசவம், கரும்பலகை முன்னால் முப்பத்திரண்டு வருஷ நிற்பு, தீராத வறட்டு இருமல், மாதவிலக்கு நின்றபின் வருகிற தளர்ச்சி, எல்லாம் சேர்ந்து செய்த வேலை. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பையைத் திரும்பிப் பார்க்காமலே போர்டில் வரைந்து காட்டுவேன், கருக்குழாய் இரண்டும் ஆட்டுக்கொம்பு மாதிரி சமமாக விழும். அதே உறுப்பு எனக்குக் கீழே இறங்கியிருக்கிறது என்று வீட்டில் அவுகளிடம் சொல்ல எட்டு மாதம் ஆயிற்று.

முதலில் போனது ஊரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஏசி, மீன்தொட்டி, வாசலில் செருப்புக்கு டோக்கன். படுக்க வைத்து அரை நிமிஷம் பார்த்தார்கள். ‘எடுத்துரலாம்மா, வயசாயிருச்சு, அதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?’ அந்த அறையில் டாக்டரையும் ஒரு நர்ஸையும் தவிர ஈ காக்கை கிடையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

எடுப்பதற்கு முன் இன்னொரு வாய் கேட்போம் என்றுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழக்கமான சங்கதிகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஓபி சீட்டுக்குக் காசு இல்லை. ஏழரைக்கு வரிசையில் நின்றால் ஒன்பதுக்குள் சீட்டு வரும். பிபி, எடை, சர்க்கரை எல்லாம் ஒரே இடத்தில், வேகமாக. சர்க்கரை பார்த்த பெண் ஒரே குத்தில் எடுத்தாள், பாராட்ட வேண்டும். உட்கார பெஞ்சு குறைவு, இருக்கிற பெஞ்சிலும் பாதிக்கு மேல் கூட வந்த ஆண்கள். மின்விசிறி மூன்றில் இரண்டு சுற்றும். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. ‘உள் பரிசோதனைக்கு முன்னாடி மூத்திரம் போயிட்டு வாங்க’ என்று எல்லாரையும் அனுப்புகிற இடத்தில் தாழ்ப்பாள் இல்லாவிட்டால் எப்படி? முன்பின் தெரியாத ஒரு பெண் எனக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் அவளுக்கு நின்றேன். அன்றைக்கு என்னிடம் ‘பிடிச்சுக்கவா?’ என்று கேட்டுவிட்டுச் செய்த ஒரே ஆள் அவள்தான்.

அது செவ்வாய்க்கிழமை.

என் முறை வந்தது. ஆயாம்மா, ‘சேலையத் தூக்கிட்டு ஏறிப் படுங்க, காலை மாட்டுங்க’ என்றார். படுத்தேன். திரைத்துணி ஒரு பக்கம் வளையம் அறுந்து தொங்கியது, அந்தப் பக்கம்தான் கதவு. செட்டி வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முகப்பில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி தாண்டிக் கொல்லைக் கதவு வரை ஒரே நேர்கோடாகத் தெரியும். காற்றும் வெளிச்சமும் வரட்டும் என்று கட்டியது. அப்படித் திறந்து கிடந்த வீட்டில்தான் எங்கள் அப்பத்தா ஒன்பது பிள்ளை பெற்றார், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு மூலை அறைக்குள், மருத்துவச்சியும் இன்னொரு பெண்ணும் மட்டும் கூட இருக்க. நான் நேர்வாசலில் படுத்திருந்தேன்.

டாக்டர் வந்தார். ஆண், நாற்பது வயது இருக்கும். பின்னால் வெள்ளைக் கோட்டுகள். எண்ணினேன், ஏழு. நான்கு பெண், மூன்று ஆண். வகுப்புக்குள் நுழைந்ததும் தலை எண்ணுகிற பழக்கம் எந்த நிலையிலும் போகாது போலிருக்கிறது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சீட்டைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் பாடம் ஆரம்பமாயிற்று. செகண்ட் டிகிரி என்றார், இறக்கத்தில் இரண்டாம் நிலை; சிஸ்டோசீல் இருக்கிறது என்றார், அதாவது மூத்திரப்பையும் சேர்ந்து இறங்கியிருக்கிறது. தமிழில் என்னிடம் வந்தது இரண்டு சொல்: ‘இருமுங்க’, ‘முக்குங்க’. எனக்கு ஆங்கிலம் புரியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ‘ஒருத்தர் ஒருத்தராப் பாருங்க’ என்றார். மூன்று பேர் உறை மாட்டிக்கொண்டு பார்த்தார்கள். மூன்றாவது கை வலித்தது. ‘ஸ்ஸ்’ என்றேன். ‘அவ்வளவுதாம்மா, முடிஞ்சுருச்சு’ என்று யாரோ சொன்னார்கள். சிஸ்டர் அதற்குள் வேறெங்கோ ஃபைல் எடுக்கப் போயிருந்தார்.

2019-ல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் ஒரு வரி உண்டு. பெண் நோயாளியை ஆண் டாக்டர் உடம்பு பார்த்துப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் கூட இருக்க வேண்டும். நான்கு மாணவிகள் இருந்தார்களே என்பீர்கள். அவர்கள் நிற்பது எனக்காகவா, பாடத்துக்காகவா?

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு டாக்டர் மேல் வந்ததை விட என் மேல் வந்த கோபம் அதிகம். நாற்பது பேர் வகுப்பை ஒரு பார்வையில் அடக்கியவள், ‘ஏழு பேர் எதுக்கு?’ என்று ஏன் கேட்கவில்லை? கால் இரண்டும் மேலே மாட்டிக் கிடக்கும்போது, உடம்பில் துணி இல்லாத பாதி யாருக்கோ தெரியும்போது, வாய் தானாகப் பூட்டிக்கொள்கிறது. பிள்ளைகளைப் பார்த்தால் பரிதாபமாகவும் இருந்தது, என்னிடம் படித்த வயசு. காசு வாங்காமல் பார்க்கிறார்களே என்ற கூச்சம் வேறு. இத்தனையும் சேர்ந்த மௌனத்தைத்தான் அங்கே சம்மதம் என்று எழுதிக்கொள்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த தம்பி மகன் சொன்னான், ‘அயித்தை, டீச்சிங் ஆஸ்பத்திரிக்கு வந்தாலே அதுக்குச் சரின்னுதானே அர்த்தம்?’ கல்யாண வீட்டுக்கு வந்தவர் சாப்பிடத்தான் வந்திருக்கிறார். அவருக்கே இலை போட்டபின், ‘சாம்பார் ஊத்தவா, காரக்குழம்பு ஊத்தவா?’ என்று குனிந்து கேட்டுத்தானே நம் ஊரில் ஊற்றுகிறார்கள்? கையை இலைக்கு மேல் மறித்தால் வாளியோடு நகர்ந்துவிடுவார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் கேட்டுச் செய்தவள் அல்ல. அப்போதெல்லாம் பிளஸ் டூ செய்முறையில் தவளை அறுப்போம். குளோரோஃபார்ம் பஞ்சு போட்டு, மெழுகுத் தட்டில் நான்கு காலையும் குண்டூசியால் விரித்துக் குத்தி. முதல் பிள்ளை கையில் கத்தி நடுங்கும், பத்தாவது பிள்ளை பாட்டுப் பாடிக்கொண்டே அறுப்பாள். நடுக்கம் போனால் நான் ‘வெரி குட்’ போட்டேன். மேசையில் படுத்திருந்தபோது அந்த மெழுகுத் தட்டு ஞாபகம் வந்தது.

அந்தக் கருவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், டீச்சர் புத்தி. இரண்டு பக்கமும் வாத்து அலகு மாதிரி வளைந்த எவர்சில்வர் சாமான். சிம்ஸ் ஸ்பெகுலம் என்று பெயர். சிம்ஸ் என்பவர் அமெரிக்காவில் அலபாமா மாகாணத்து டாக்டர். 1840களில் பிரசவத்தில் கிழிந்து மூத்திரம் ஒழுகிக்கொண்டிருந்த அடிமைப் பெண்களின் மேல் மயக்க மருந்து கொடுக்காமல் திரும்பத் திரும்ப அறுவை செய்து கற்றுக்கொண்டார். அனார்க்கா, பெட்சி, லூசி என்று மூன்று பெயர்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அவர்கள் மாட்டேன் என்று சொல்ல முடியாது, அவர்களுக்குச் சொந்தக்காரர் வேறு ஆள். நியூயார்க்கில் நின்ற சிம்ஸின் சிலையை 2018-ல் எடுத்துவிட்டார்கள். கருவி எடுபடவில்லை, எடுக்கவும் வேண்டாம். அது இல்லாமல் என் வியாதியைப் பார்க்க முடியாது. ஆனால் தொடக்கத்திலிருந்தே அந்தச் சாமான் யாரிடமும் கேட்காமல் பழகியது என்று தெரிந்துகொண்டு படுத்தால் அதன் குளிர்ச்சி கொஞ்சம் கூடத்தான் செய்கிறது.

இதோடு விட்டிருந்தால் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். ஸ்கேன் காட்ட மூன்று வாரம் கழித்துப் போனது வெள்ளிக்கிழமை. பெரிய ஆஸ்பத்திரிகளில் கிழமைக்கு ஒரு யூனிட், யூனிட்டுக்கு ஒரு சீஃப். கட்டடம் அதே, திரைத்துணி அதே, அறுந்த வளையமும் அதே. ஆனால் ஆயாம்மாவை இந்த டாக்டரம்மா தடுத்தார். ‘இருங்க, முதல்ல உக்காரட்டும்.’ உட்கார்ந்தேன். சேலை கட்டியபடி, செருப்புப் போட்டபடி, மூக்குக்கண்ணாடி மாட்டியபடி. அவரும் எனக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

‘டீச்சர்னு சீட்டுல பாத்தேன். இந்தப் பிள்ளைக ரெண்டு பேரும் ஃபைனல் இயர். உங்களப் பாத்தா அதுகளுக்குப் பாடம். ஆனா நீங்க சரின்னாத்தான். வேணாம்னா நானே பாத்து அனுப்பிருவேன், வைத்தியத்துல ஒரு குறையும் வராது. ஒருத்தரை மட்டும் விடலாம்னாலும் சரி. யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல.’

வெளியே எண்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவசரமில்லை என்கிறார். மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நேரமில்லை, கூட்டம், நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை மூன்று பேர் வரிசையாக உறை மாட்டியதற்கு இதைவிட நேரம் ஆயிற்று.

அவர் கேட்ட கேள்வியில் என்னைப் பிடித்தது இரண்டு சங்கதி. ஒன்று, நான் மேசை ஏறுவதற்கு முன்னால் கேட்டது. படுத்த பிறகு கேட்டால் அதற்கு ஒரே பதில்தான் உண்டு. இரண்டு, வேண்டாம் என்றால் என்ன நடக்கும் என்று முதலிலேயே சொன்னது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு மனதில் ஓடுவது அதுதான்: மாட்டேன் என்றால் அடுத்த தடவை ஒதுக்கிவிடுவார்களோ, மருந்து குறைத்து எழுதுவார்களோ, ‘அந்தம்மாவா’ என்று ஏளனமாகப் பார்ப்பார்களோ.

இருவரில் ஒன்று பெண், ஒன்று பையன். பெண்ணுக்குச் சரி என்றேன். பையனைப் பார்த்து, ‘தப்பா நினைச்சுக்காதப்பா’ என்றேன். அவன், ‘பரவால்லங்கம்மா’ என்று சொல்லிவிட்டு வெளியே போனான். முகம் கோணவில்லை. போகும்போது தொங்கிய திரைத்துணியின் அந்த மூலையைக் கம்பியில் செருகிவிட்டுப் போனான். மூன்று வாரமாக யாரும் செய்யாத வேலை.

அந்தப் பெண்ணிடம் எந்த ஊர் என்று கேட்டேன். ‘புதுவயலுங்க, மில்லுப் பக்கம்.’ அரிசி மில் ஊர்ப் பிள்ளை. ஸ்பெகுலத்தை வெந்நீரில் முக்கி எடுத்தாள், தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்தாள், குழந்தைக்குப் பால் பார்க்கிற மாதிரி. ‘இப்பத் தொடப் போறேன்மா. வலிச்சாச் சொல்லுங்க, நிறுத்திருவேன்’ என்றாள். கை நடுங்கியது. பொம்மையில் பழகியிருக்கிறார்கள், அதற்குப் பாடத்திட்டத்திலேயே இடம் உண்டு. 2019-ல் வந்த புதிய எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் ஸ்கில் லேப், நோயாளியிடம் பேசும் முறை எல்லாம் கட்டாயம். பொம்மையில் பழகுவது நீச்சலைத் திண்ணையில் கற்றுக்கொள்வது மாதிரி, அதுவும் வேண்டும்தான், ஆனால் பொம்மை ‘ஸ்ஸ்’ என்று சொல்லாது.

ஓர் இடத்தில் வலித்தது. ‘நிறுத்தும்மா’ என்றேன். நிறுத்தினாள். கையை அப்படியே வெளியே எடுத்துவிட்டாள். அந்த ஒரு கணத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, வலியினால் இல்லை. டாக்டரம்மா ஒன்றும் பேசவில்லை, என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு நானே, ‘இன்னும் கொஞ்சம் கீழ பாத்து அழுத்து, மேல எலும்பு இடிக்குது’ என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். ரிட்டையர் ஆன பிறகு எடுத்த முதல் வகுப்பு. அமெரிக்காவில் 1970களிலிருந்தே இதற்கென்று பயிற்சி பெற்ற பெண்கள் இருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். தங்கள் உடம்பையே பாடமாகக் கொடுத்து, எங்கே தொட வேண்டும், எப்படித் தொடக் கூடாது என்று மாணவர்களைத் திருத்துவார்கள், அதற்குச் சம்பளமும் உண்டு. நமக்குச் சம்பளம் வேண்டாம், கேட்டால் போதும் என்று பேசி முடிப்பது எளிது. உண்மையில் சம்பளமும் கொடுக்கலாம்.

கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை என்றார்கள். வளையம் போதும். பெசரி என்று ஒரு சிலிக்கான் வளையம், உள்ளே மடக்கி வைத்தால் விரிந்து தாங்கிக்கொள்ளும். முதல் அளவு, எழுந்து நின்று இருமியதும் வழுக்கி வந்துவிட்டது. அடுத்த அளவு நின்றது. ‘நடங்க, உக்காருங்க, இருமுங்க, சிரிங்க’ என்றார்கள். சிரிக்கச் சொன்னதும் நிஜமாகவே சிரிப்பு வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி மறுபடி வைக்க வேண்டும். அன்று சாயங்காலம் திருப்பத்தூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், எட்டு மாதத்துக்குப் பிறகு இடுப்பு கழலவில்லை.

சீட்டு எழுதும்வரை பெஞ்சில் இருந்தபோது ஒரு காட்சி. தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பெண், இருபது வயது தாண்டியிருக்காது, கூட மாமியார். டாக்டரம்மா அதே கேள்வியைக் கேட்டார். பதில் மாமியாரிடமிருந்து வந்தது: ‘பாக்கட்டும் பாக்கட்டும், அதுக்கென்ன, படிக்கிற பிள்ளைகதானே.’ டாக்டரம்மா, ‘ஆத்தா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க’ என்று அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணிடம் மறுபடி கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். நம் ஊர்த் தலையாட்டல், ஆமா என்றும் படிக்கலாம், இல்லை என்றும் படிக்கலாம். டாக்டரம்மா அதை இல்லை என்று படித்துக்கொண்டு மாணவர்களை வெளியே அனுப்பினார். சந்தேகம் வந்தால் இல்லை. இந்த இடத்துக்காக மட்டும் ஒரு முழு நட்சத்திரம்.

இது வெறும் நல்ல மனசு இல்லை, சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. 1995-ல் டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவரை மயக்கம் கொடுத்து லேப்ராஸ்கோபியில் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது, வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சமீரா கோலி வழக்கு. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது: உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, மயக்கம் தெளிந்ததும் அவரையே கேட்டிருக்க வேண்டும், அம்மாவின் சம்மதம் செல்லாது, பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதத்தை அறுவைக்கு நீட்டிக்கொள்ள முடியாது. அம்மா சொன்னதே செல்லாது என்றால் மாமியார் சொன்னது எந்த மூலைக்கு?

மயக்கம் என்றதும் எனக்கு ஒரு கேள்வி வந்தது. வளையம் சரிவராமல் நாளைக்கு அறுவை என்றே ஆனால்? கண்ணை மூடிக் கிடக்கும்போது எத்தனை பேர் பார்ப்பார்கள்? இந்தச் சந்தேகம் எனக்கு மட்டும் வந்ததில்லை. நியூசிலாந்தில் ஆக்லாந்து நகரத்துப் பெண்கள் ஆஸ்பத்திரி பற்றி ஒரு நீதிபதி விசாரித்து 1988-ல் கொடுத்த அறிக்கையில், மயக்கத்தில் இருந்த பெண்களை அவர்களுக்குத் தெரியாமலே மாணவர்கள் உள் பரிசோதனை செய்து பழகியது வெளியே வந்தது. இங்கிலாந்தில் ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டு 2003-ல் வெளியான ஆய்வில், மயக்கத்தில் செய்த இப்படிப்பட்ட பரிசோதனைகளில் சுமார் கால்வாசிக்குச் சம்மதம் வாங்கியதாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா 2003-லேயே இதற்குத் தனிச் சட்டம் போட்டது. நாடு முழுக்க, முன்கூட்டிச் சம்மதம் வாங்கியே தீர வேண்டும் என்று அமெரிக்க மத்திய சுகாதாரத் துறை ஆஸ்பத்திரிகளுக்கு எழுதியது 2024 ஏப்ரலில். இருபது வருஷம் ஆகியிருக்கிறது, ஒரு கேள்வி கேட்க.

டாக்டரம்மாவிடமே கேட்டேன். ‘அறுவைன்னா படிவத்துல உங்க கையாலயே எழுதிக் குடுத்துருங்க டீச்சர், மாணவர்கள் பாக்கலாமா, எத்தனை பேருன்னு. நான் அப்படியே செய்வேன்’ என்றார். அச்சடித்த படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை, ஓரத்தில்தான் எழுத வேண்டும். அடுத்த தடவை அச்சடிக்கும்போது ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, கண்காணிப்பாளர் அலுவலகத்து மனுப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். பதில் இன்னும் வரவில்லை.

இப்போது அந்த மீன்தொட்டி ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். அங்கே ஏன் மாணவர்கள் இல்லை? காசு கொடுக்கிறவர் உடம்பில் யாரும் பழகுவதில்லை. அங்கே இருந்த டாக்டரும் எங்கேயோ ஓர் அரசு ஆஸ்பத்திரி மேசையில்தான் பழகியிருப்பார். கூலி வேலைக்குப் போகிற பெண்ணின் வலியில் கை பழகி, மீன்தொட்டி பக்கம் வந்து நம்மிடம் பணம் வாங்குகிறார். நான் பென்ஷன்காரி, மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிட எனக்கு இடம் உண்டு. எனக்குக் கதவு பிடித்து நின்றாளே, அவளுக்கு இந்த ஆஸ்பத்திரியை விட்டால் வேறு இல்லை. அவளிடம் இரண்டு மடங்கு கவனமாகக் கேட்க வேண்டும். செவ்வாய்க்கிழமை அவளிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தப் பையன் விஷயம் இன்னும் உறுத்துகிறது, அதையும் எழுதிவிடுகிறேன். என் மகளுக்கு முதல் பிரசவம், வேறொரு அரசு ஆஸ்பத்திரியில். ராத்திரி இரண்டு மணி, குழந்தை கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டது. பக்கத்தில் நின்று கொடியை விரலால் தூக்கி விட்டு என் பேத்தியை வெளியே எடுத்தவன் மீசை சரியாக முளைக்காத ஒரு பயிற்சி டாக்டர். அவனைக் கையெடுத்துக் கும்பிட்டேன், அவன் பதறிப்போய், ‘ஐயோ அம்மா’ என்று நகர்ந்தான். அவன் எங்கே கற்றுக்கொண்டான்? என்னை மாதிரி எல்லாப் பெண்ணும் ‘தப்பா நினைச்சுக்காதப்பா’ என்று வெளியே அனுப்பியிருந்தால்?

ஆனாலும் அன்றைக்கு நான் சொன்னதை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பது நம் பக்கத்தில் நேற்று வந்த ஆசை இல்லை. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி வெளியே வந்தபோது, ஆண் டாக்டரிடம் காட்டக் கூசி வீட்டுக்குள்ளேயே நோயைப் பொத்தி வைத்திருந்த பெண்கள் எத்தனையோ பேர். என் கூச்சமும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. ஒருநாள் போகலாம். நான் போகச் சொன்ன நாளில்தான் போக வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பாவாடை கொஞ்சம் தளர்வானதாகக் கட்டிக்கொள்ளுங்கள், ஒரு துண்டு எடுத்துப் போங்கள், மேசையில் விரிக்கவும் மூடிக்கொள்ளவும் ஆகும். கூட ஒரு பெண்ணைக் கூட்டிப் போங்கள், உள்ளே வரலாமா என்று கேட்டால் விடுகிறார்கள். ‘எத்தனை பேர் பாப்பாக?’ என்று மேசை ஏறும் முன் கேளுங்கள், ஏறிய பிறகு வாய் வராது. ஆயாம்மா டீக்குக் காசு கேட்டார், செவ்வாய்க்கிழமை கொடுத்தேன், வெள்ளிக்கிழமை கொடுக்கவில்லை, இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் பேசினார். கேண்டீன் இட்லி சுமார், சட்னி தண்ணீர். வெளியே வேப்பமரத்தடியில் ஓர் அம்மா விற்கிற சுண்டல் நன்றாக இருக்கிறது.

செவ்வாய்க்கு ஒன்று, வெள்ளிக்கு ஐந்து, கூட்டி வகுத்தால் மூன்று. ‘நிறுத்தும்மா’ என்றதும் நிறுத்திய புதுவயல் பிள்ளைக்காக அரை சேர்த்து மூன்றரை போட்டிருக்கிறேன். மார்க் போடுவதில் நான் கறார் என்று என்னிடம் படித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தை மாதம் வளையம் கழுவிப் போட மறுபடி போக வேண்டும், வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் போவேன். அதற்குள் அந்தப் பிள்ளைகளுக்கு போஸ்டிங் மாறி வேறு இரண்டு பேர் நிற்பார்கள். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தால் இங்கே வந்து இன்னொரு அரை ஏற்றிவிடுகிறேன்.